வண்டி போகக் கூடாத வழி

அந்தோணி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட அன்றைக்கே அதிலிருந்து இறங்கவும் கற்றுக்கொண்டான். ஓட்டக் கற்றுக்கொடுத்தது வாடகை சைக்கிள் கடை அமீர் பாஷா. இறங்கக் கற்றுக்கொடுத்தது ஊர்.

பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டிக் கிடந்தது அந்த ஊர். மேற்குக் கோடியில் கசாப்புக் கொட்டகையும் அதற்குப் பக்கத்தில் அந்தோணி பிறந்த சேரியும். கிழக்குக் கோடியில் பேட்டை. தோல் பதனிடும் ஷாப்புகள் எல்லாம் அங்கேதான். இரண்டுக்கும் நடுவில் ஊர்த்தெரு. அரசமரத்தடியில் ஆரம்பித்துத் தேர்முட்டியில் முடிகிற அந்த ரோட்டில் சேரிக்காரன் எவனும் சைக்கிளில் உட்கார்ந்தபடி போகக் கூடாது. மரம் வந்ததும் இறங்க வேண்டும், தேர்முட்டி தாண்டும்வரை தள்ள வேண்டும், பிறகு ஏறிக்கொள்ளலாம். எந்தச் சட்டத்திலும் அது இல்லை. எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. "டேய், எறங்குடா!" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். சொல்ல எப்போதும் ஒருவர் இருந்தார்.

அந்தோணியின் அப்பா ராயப்பன் ஆயுசு முழுக்கச் செருப்புக்குத் தோல் பதனிட்டவர். அதே தெருவில் தன் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நடந்தார். பாதிரியார் வந்து தலையில் தண்ணீர் தெளித்துப் பேரை மாற்றிய பிறகும் செருப்பு கக்கத்தை விட்டு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலிட்டு நிமிர்கிற அப்பா, திங்கட்கிழமை அரசமரத்தடியில் குனிவதைப் பார்த்து வளர்ந்தவன் அந்தோணி. ஆண்டவர் அந்த மரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாரா என்று ஒருமுறை கேட்டுப் பளாரென்று அறை வாங்கினான். கேள்விக்குப் பதில் தெரியாதவர் அடித்த அடி அது என்பது அவனுக்குப் பெரியவனான பிறகு புரிந்தது.

மீசை அரும்புகிற வயதில் ஷபீ அஹமது சாயபுவின் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்கு வேலைக்குப் போனான். மயிர் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புரட்டுகிற வேலை. இரண்டே மழைக்காலத்தில் விரல் நுனிகளைச் சுண்ணாம்பு தின்றுவிட்டது. நகம் இருந்த இடத்தில் சிவப்புச் சதை. வீட்டில் சோற்றில் காரக்குழம்பை ஊற்றினால் கை வைக்க முடியாது. மனைவி சுந்தரிதான் பிசைந்து வைப்பாள்.

"இன்னாய்யா, நம்ம வீட்ல மூணு கொழந்தைங்களா, நாலா?" என்பாள் சிரித்துக்கொண்டே. அவன் சிரிக்கமாட்டான். மனைவி உருட்டித் தருகிற சோற்றை முகத்தைத் திருப்பிக்கொண்டு விழுங்குவான்.

அதிலிருந்து அவனை மீட்டது சைக்கிள்.

கொட்டகையில் உரிக்கிற பச்சைத் தோல் மாட்டுவண்டியில் ஏறி, ஊரைச் சுற்றிப் பேட்டைக்கு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். கோடையில் பாதித் தோல் ஷாப்புக்குள் வரும்போதே அழுகல் வாடை அடிக்கும். அமீர் பாஷா உடைந்த மூன்று சைக்கிள்களைப் பிரித்துக் கோத்து ஒன்று செய்து, பின்னால் ஒரு பெரிய இரும்பு கேரியரைப் பற்றவைத்து, சாயபு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "என் தோஸ்த் அந்தோணிகிட்ட இதைக் குடுங்க சாப். வெயில் வர்றதுக்கு முன்னால தோலு வந்துடும்."

வந்தது. ஊர்த்தெரு வழியாகப் பச்சைத் தோலைத் தள்ளிக்கொண்டு போகக்கூட அவனை விடமாட்டார்கள். ஆனால் ஆற்றங்கரை இருந்தது. வெள்ளத்துக்குப் போட்ட மண்கரை, கொட்டகையிலிருந்து பேட்டைவரை நேராகப் போகிறது. தண்ணீர் எடுக்கிற பெண்கள், ஷாப்புக்குப் போகிற ஆட்கள், தபால்காரர், ஆடு, சைக்கிள் எல்லோருக்கும் பொதுவான வழி. அங்கே இறங்கு என்று சொல்ல யாரும் இல்லை. உப்புத் தடவிய தோல்களை மடித்துக் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, மணியடித்துக்கொண்டு அவன் வருவான்.

"ஏ, அந்தோணி மாப்பிள்ளை செண்டு பூசிகினு வர்றான், மூக்கைப் பொத்துங்கடி!" என்று கத்துவாள் தண்ணீர்க் குடத்தோடு போகிற எல்லம்மா.

"உனக்கும் ஒரு துண்டு வெச்சிருக்கேன், ரவிக்கை தெச்சிக்கோ!" என்று அவன் திருப்பிக் கத்துவான்.

நகம் முளைத்தது. ஒருநாள் மீன்குழம்புச் சோற்றைத் தன் கையாலேயே பிசைந்து சாப்பிட்டான். சுந்தரி எதிரில் உட்கார்ந்து அதைச் சினிமா பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்தக் கரை இருக்கும்வரை அவன் கை அவனுடையது. கரை போனால் மறுபடியும் குழி. அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷத்து மழையில் கரை இரண்டு இடத்தில் சரிந்தது. மணல் ஏற்றிய மாட்டுவண்டிகள் மேலே ஏறி இறங்கிப் பள்ளம் பறித்ததுதான் காரணம். பொய்யில்லை. கரைமேல் வண்டி ஏறாமல் தடுக்க, ஊர் நிர்வாகம் பார்க்கிற போர்டு தீர்மானம் போட்டதும் நியாயம்தான். கல் நடப் போன ஓவர்சியர் ராமமூர்த்தியும் கெட்ட மனுஷர் இல்லை. அதை நினைத்தால்தான் கோபம் இன்னும் அதிகமாகிறது. கெட்டவன் நட்ட கல் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். அந்த வழியில் தினமும் போகிறவர்களில் ஒருத்தரையாவது மனசில் நினைத்துப் பார்க்காமல் நட்ட கல்லை என்ன சொல்லித் திட்டுவது?

கரை வளைந்து சரிவாக இறங்கும் இடத்தில், புளியமர நிழலில் மூன்று கருங்கல். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். வளைவு திரும்பும்வரை கண்ணுக்குத் தெரியாது. திரும்பிவிட்டால் சைக்கிளை நிறுத்த முடியாது. நடுக்கல், காலமெல்லாம் சைக்கிள் சக்கரம் ஓடி ஓடித் தடம் விழுந்த இடத்தின் மேலேயே நின்றது. பக்கத்தில் ஒரு பலகை: "இக்கரைமேல் வண்டி ஓட்டக் கூடாது." சேரியில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான். சனிக்கிழமை சாயங்காலம் நட்டார்கள். ஞாயிறு அந்தோணி கோயிலுக்குப் போனான். திங்கட்கிழமை விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் நான்கு தோலோடு சரிவில் இறங்கினான்.

எதிரே எல்லம்மா குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். அவளுக்காக ஒதுங்கினான். ஒதுங்கிய பக்கம் கல்.

சைக்கிள் நின்றுவிட்டது, அவன் நிற்கவில்லை. கல்லைத் தாண்டிப்போய்த் தோளில் விழுந்தான். பின்னாலேயே ஈரத்தோல் மொத்தமும் அவன் மேல் வந்து விழுந்தது. எல்லம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து தோலைப் புரட்டினாள். "டேய் அந்தோணி! உசுரு இருக்குதாடா?"

"இருக்குது," என்றான். "யாரு வெச்சது இதை?"

காறை எலும்பு முறிந்திருந்தது. மணலில் புரண்ட தோலை வெயில் தின்றுவிட்டது.

கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போர்டு ஆபீசுக்குப் போனான். ஓவர்சியர் வாசலில் நின்று பேசினார். அவன் படி ஏறக் கூடாது.

"கவனமா வரக் கூடாதாப்பா?"

"கண்ணுக்கே தெரியலீங்க சாமி. தெரிஞ்சாலும் போவ முடியாது. ரெண்டு பக்கமும் தோலு இருக்குது. கல்லுக்கு நடுவுல எடம் பத்தாது."

"பத்தாம என்ன? என் சைக்கிளை வெச்சுப் பார்த்துதானே நட்டேன்? தாராளமாப் போச்சே."

"உங்க வண்டியில இன்னா இருந்துதுங்க?"

ஓவர்சியர் யோசித்தார். "ஒரு குடை."

உள்ளேயிருந்து போர்டு மெம்பர் வேதாசலத்தின் குரல் வந்தது. கரைச் சரிவை ஒட்டிய மாந்தோப்பு அவருடையது; அந்தக் கல்லைத் தினமும் பார்க்கிறவர். "இன்னாய்யா அங்க பேச்சு? அந்த எடத்துல எறங்கித் தள்ளிகினு போகச் சொல்லு. அவனுக்குப் பழக்கம் இல்லாததா?"

அந்த ஒரு பேச்சில் அந்தோணிக்கு எலும்பு முறிந்த வலி மறந்துபோனது. ஓவர்சியர் யோசிக்காமல் நட்டார். வேதாசலம்? கல்லைப் பார்த்து அவர் என்ன யோசித்திருப்பார்? இறங்கச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது அந்த ஒரு வழிதான். அங்கேயும் இப்போது கல்லை நிறுத்திவிட்டார்கள்.

சாயபுவிடம் போனான். ஷபீ அஹமது நல்லவர். பெருநாளைக்குச் சேரிக்கு பிரியாணி அனுப்புகிறவர். ஆனால் போர்டு என்றதும் தாடியைத் தடவினார். "நான் போய்ச் சொன்னா தோல் ஷாப்புக்காரன் கரையை ஒடைக்கிறான்னு பேச்சு வரும். பேஜார். நீயே சொல்லிப் பாரு. அதுவரைக்கும் ஒத்தைக் கையால குழியில கழி போட்டுப் பொரட்டுறியா?"

குழி. அவ்வளவு சீக்கிரத்தில் வந்துவிட்டது.

எலும்பு கூடுவதற்கு முன்பே அந்தக் கல்லில் தபால்காரர் விழுந்தார். எல்லம்மாவுக்குக் கால் நகம் பெயர்ந்தது. கண் மங்கிய ஒரு கிழவர் நெற்றியை உடைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் ஆபீசில் ஒரே பதில்: பார்த்து வரணும். எதைப் பார்ப்பது? கருப்புக் கல், மர நிழல், விடியாத வெளிச்சம். கடைசியில் அந்தோணி, தன் விரலைத் தின்ற அதே சுண்ணாம்பை ஒரு சட்டியில் எடுத்துப்போய், மூன்று கல்லுக்கும் வெள்ளை அடித்தான். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. அதற்கப்புறம் யாரும் விழவில்லை.

போர்டு அவன்மேல் வழக்குப் போட்டது. போர்டு சொத்தைக் கெடுத்ததாக.

பெஞ்சு கோர்ட்டில் சம்பளமில்லாத கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் அரிசி மண்டி காசிநாதன். வேதாசலம் முன் பெஞ்சில். அந்தோணி துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். விழுந்த கதையைக் கேட்டால் இவர்களும் மனுஷர்கள்தானே என்று நினைத்தான். அதுதான் அவன் பிசகு.

"கல்லுல விழுந்தேன்னியே, அன்னிக்கு என்ன நடந்தது, சொல்லு," என்றார் காசிநாதன்.

"கொட்டகையில தோலு ஏத்திகினு கரைமேல வந்தேங்க. எறக்கத்துல வண்டி வேகமா வந்துது. எல்லம்மா எதிர வந்துச்சி, ஒதுங்கினேன். கல்லுல மோதி வண்டி கவுந்துடுச்சிங்க."

காசிநாதன் நிமிர்ந்தார். "எது கவுந்தது?"

"வண்டிங்க."

"யார் வண்டி?"

"என் வண்டிதாங்க."

காசிநாதன் குமாஸ்தா பக்கம் திரும்பினார். "எழுதிக்கும். கரைமேல வண்டி ஓட்டினதை அவனே ஒப்புக்கறான். அங்க பலகை வெச்சிருக்கா இல்லையா?"

"இருக்குது," என்றார் வேதாசலம், கேட்காமலேயே.

அந்தோணிக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆனது. "ஐயா, அது மாட்டுவண்டி இல்லீங்க. சைக்கிளு."

"நீதானே வண்டின்னே?"

"நாங்க சைக்கிளை வண்டின்னுதாங்க சொல்லுவோம்."

"நாங்களும் அதைத்தானே சொல்றோம்!"

கோர்ட்டே சிரித்தது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் கோவிந்தசாமி மட்டும் தரையைப் பார்த்தார். குடியாத்தத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். இந்த ஊர்ச் சிரிப்பு இன்னும் பழகவில்லை போலிருக்கிறது. காசிநாதன் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து தீர்ப்பைச் சொன்னார். சுண்ணாம்பு அடித்த குற்றம். அதோடு பலகையை மீறிக் கரைமேல் வண்டி ஓட்டிய குற்றம். இரண்டுக்கும் அபராதம். கடைசியில் புத்தியும் சொன்னார்: "சைக்கிளும் வண்டிதான். வண்டின்னா வண்டி போற ரோட்டுல போகணும். மனுஷா நடக்கிற எடத்துல அதுக்கு என்ன வேலை?"

வெளியே வந்த அந்தோணிக்குத் தன் நாக்கையே கடித்துத் துப்பலாம் போல் இருந்தது. பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சு. சக்கரம் இருந்தால் வண்டி. அவ்வளவு சாதாரண வார்த்தையைக்கூட அவன் வாயிலிருந்து பிடுங்கி அவன் மேலேயே எறிந்துவிட்டார்கள். படித்திருந்தால் சைக்கிள் என்று சொல்லியிருப்பானோ? சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா? வேறு ஏதாவது ஒரு வார்த்தை கிடைத்திருக்கும் அவர்களுக்கு.

மறுநாளிலிருந்து குழியில் இரண்டு கையும் வைக்கச் சொன்னார் சாயபு. எலும்பு கூடிவிட்டதே. வாரம் போவதற்குள் விரல் நுனி வெளுத்தது, பிறகு சிவந்தது. ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் சுந்தரி தட்டைத் தன் பக்கம் இழுத்துப் பிசைய ஆரம்பித்தாள். அந்தோணி தட்டைத் தட்டிவிட்டான். சோறு சுவரெல்லாம் தெறித்தது.

"என்மேல ஏன்யா காட்டுற?" என்றாள் அவள். "நானா நட்டேன் கல்லை?"

அவன் எழுந்து அமீர் பாஷா கடைக்குப் போனான். அவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் சிரித்தார்.

"வா தோஸ்த். என் கடைப் பேரை மாத்தணும் போல இருக்குதே? நானும் வாடகை சைக்கிள் கடைன்னு நெனச்சிகினு இருந்தேன். இப்ப கோர்ட்டே வண்டிக்கடைன்னு சொல்லிடுச்சி. மாடு ஒண்ணுதான் பாக்கி!"

அந்தோணி சிரிக்க வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

"பாய், வண்டி எந்த ரோட்டுல போவணும்னாரு அவரு?"

"வண்டி போற ரோட்டுல."

"அரசமரத்து ரோட்டுல மாட்டுவண்டி போவுதில்ல? அங்க எந்த வண்டிக்காரனாவது எறங்கித் தள்றானா?"

அமீர் பாஷாவின் கை டியூபின்மேல் நின்றுவிட்டது. "அடிப்பாங்கடா," என்றார் மெதுவாக.

"கல்லு அடிக்கலையா?"

அடுத்த நாள் வெயில் வருவதற்கு முன் அந்தோணி நான்கு பச்சைத் தோலை ஏற்றிக்கொண்டு, கரைக்குத் திரும்பாமல் நேராக ஊர்த்தெருவுக்கு வந்தான். பக்கத்தில் இன்னொரு சைக்கிளில் அமீர் பாஷா. அரசமரம் வந்தது. பல வருஷப் பழக்கத்தில் கால் தானாக இறங்கப் பார்த்தது. பெடலை அழுத்தி மிதித்தான். மணியடித்தான்.

தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தது. வேதாசலம் வாயில் வேப்பங்குச்சியோடு நடுரோட்டுக்கு ஓடிவந்தார்.

"டேய், எறங்குடா!"

"எறங்க முடியாதுங்க. இது வண்டி. பெஞ்சு கோர்ட்டு தீர்ப்பு. நீங்களும் அங்க உக்காந்திருந்தீங்க."

பின்னாலிருந்து சாணி உருண்டை வந்து முதுகில் அடித்தது. அடுத்து ஒரு செருப்பு. யாரோ ஒரு கழியைச் சக்கரத்தில் செருக, அவன் தோலோடு சாய்ந்து விழுந்தான். அமீர் பாஷா தூக்கிவிட்டார். உதட்டில் ரத்தம். தோலை உதறி மறுபடியும் மடித்துப் போட்டு, அங்கேயே, அந்தத் தெரு நடுவிலேயே, காலைத் தூக்கி ஏறி உட்கார்ந்தான். கூட்டம் நெருங்கியபோது கான்ஸ்டபிள் கோவிந்தசாமி வந்து நடுவில் நின்றார்.

"வண்டி ரோட்டுல போகச் சொல்லி மாஜிஸ்திரேட்டு சொன்னதை என் காதால கேட்டேன். அவன் போறான். எவன் மறிச்சாலும் நான் ரிப்போர்ட் எழுதணும். எழுதட்டுமா?"

எழுதச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

அந்தோணி தேர்முட்டிவரை மிதித்துக்கொண்டே போனான். மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். தோலின் நாற்றம் தெருவுக்குள் புகுந்து, வீட்டுக்குள் புகுந்து, வேதாசலத்தின் பூஜை அறைவரை போனது. சாயபு, வெயிலுக்கு முன் வந்து சேர்ந்த தோலை மோந்து பார்த்துவிட்டுக் குழிக்கு வேறு ஆள் போட்டார். எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை.

பத்து நாள்கூட ஆகவில்லை. போர்டு கூடியது. தபால்காரர் விழுந்தபோது கூடாத போர்டு, கிழவரின் நெற்றி உடைந்தபோது கூடாத போர்டு, மெம்பர் வீட்டில் நாறியதும் கூடியது. நடுக்கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். அதை இழுத்துப் போகப் போர்டு மாட்டுவண்டியே கரைமேல் ஏறியது. மற்ற இரண்டு கல்லையும் தள்ளி நட்டு, தோல் தொங்கவிட்ட சைக்கிள் தாராளமாகப் போக இடம் விட்டார்கள். வெள்ளைகூட அடித்தார்கள். இவ்வளவும் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஒரு நாள் வேலைதான்.

ஓவர்சியர் ராமமூர்த்தி தேர்முட்டி அருகே அந்தோணியை நிறுத்தினார். அவர் முகத்தில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. உண்மையான கூச்சம்தான்.

"கரையைச் சரி பண்ணியாச்சுப்பா. இந்தத் தடவை உன் கேரியரை மனசுல வெச்சுதான் அளந்தேன். இனிமே நீ பழையபடி அந்த வழியாவே போகலாம்."

அந்தோணி ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். சீட்டை விட்டு இறங்கவில்லை. அவனுக்கும் அந்தக் கரைதான் பிடிக்கும். ஆற்றுக் காற்று, எல்லம்மாவின் கேலி, புளியமர நிழல். அதை விட்டுவிட்டுச் சாணியும் முறைப்புமாய் இருக்கிற இந்த ரோட்டில் வர அவனுக்கு மட்டும் ஆசையா? ஒரு கணம் கண் கரைப் பக்கம் போனது. பிறகு, தோளில் எலும்பு கோணலாகக் கூடிய இடத்தைத் தடவிக்கொண்டான்.

"எப்படிங்க சாமி போறது?" என்றான். "அது வண்டி போவக் கூடாத வழி. பலகையை எடுக்கலையே நீங்க."

மணியடித்துவிட்டு மிதித்தான்.